தையல் பொழுதுபோக்கு: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: எனக்கு 58 வயது. பணி ஓய்வு பெற்றுவிட்டேன். இளம் வயதில் கால் மிஷினில் தைத்த பழக்கம் உண்டு. இப்போது பேத்திக்குப் பாவாடை, சட்டை தைக்க ஆசையாக இருக்கிறது. கடையில் முப்பது வகைத் தையல் போடும் கணினி இயந்திரத்தை வாங்கச் சொல்கிறார்கள். உறவினர் வீட்டில் பழைய கருப்பு மிஷின் ஒன்று விலைக்கு வருகிறது. எதை வாங்கலாம்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: நீங்கள் தைக்கப்போவது என்ன என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். பாவாடை, சட்டை, தலையணை உறை, கிழிசல் தைப்பது ஆகியவற்றில் பெரும்பகுதி நேர்த்தையல்தான். துணி ஓரம் பிசிறாமலிருக்க ஒரு ஜிக்ஜாக் (இடமும் வலமுமாகப் போகும் தையல்), சட்டைக்கு ஒரு காஜா (பொத்தான் துளைத் தையல்), இவை இருந்தால் போதும். எஞ்சிய இருபத்தேழு வகையையும் வாங்கிய முதல் வாரத்தில் ஒரு துண்டுத் துணியில் போட்டுப் பார்ப்பதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். கணினி இயந்திரம் தரமற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை பழுதானால், உள்ளூர் மெக்கானிக்கால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய இயலாது. பலகையையே நிறுவனத்திடமிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். இன்னும் இருபது ஆண்டுகள் தைக்க நினைப்பவருக்கு, அந்த மாடலின் பலகை அதுவரை கிடைக்கும் என்று எந்தக் கடைக்காரரும் எழுதித் தரமாட்டார்.

உஷா, சிங்கர் போன்ற பழைய கருப்பு மிஷின்களின் நிலை வேறு. உடல் வார்ப்பிரும்பால் ஆனது. பாபின் (கீழ்நூல் சுற்றும் சிறு உருளை), பாபின் கேஸ் (அதை வைக்கும் கூடு), ஷட்டில் (மேல்நூலையும் கீழ்நூலையும் பின்னவைக்கும் பகுதி), பெல்ட் முதலிய உதிரி பாகங்கள் சிறிய ஊர்களின் தையல் சாமான் கடைகளில்கூடக் கிடைக்கின்றன. விலை பேசும் முன், சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் பழைய எண்ணெய் கெட்டித்து ஒட்டியிருக்கக்கூடும். அது மண்ணெண்ணெயில் கழுவினால் போய்விடும். (தேங்காய் எண்ணெய் விட்ட மிஷின்களுக்கு வழக்கமாக வருகிற நோய் இது. மிஷின் ஆயிலைத் தவிர வேறெதையும் விடாதீர்கள்.) ஊசி மாட்டும் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் கண்டிருந்தால் தேய்மானம் என்று பொருள், அதைச் சரிசெய்யச் செலவு கூடும். பிறகு இரண்டாக மடித்த மல் துணியில் பத்து அங்குலம் தைத்து இருபுறமும் பாருங்கள். அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூல் கோத்த முறையோ இறுக்கமோ சரியில்லை, அது பெரிய குறை அன்று. தையல் இடையிடையே விட்டுப்போனால் முதலில் புது ஊசி மாட்டிப் பாருங்கள். அப்போதும் விட்டுப்போனால், ஷட்டில் பகுதியை ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இந்தச் சோதனைகளில் தேறினால் பழைய மிஷினையே வாங்குங்கள். அது நேர்த்தையல் மட்டுமே போடும் என்றாலும், துணி ஓரத்தையும் காஜாவையும் கையால் தைத்துக்கொள்ளலாம். முழங்காலுக்குச் சிரமமாக இருந்தால் ஒரு மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். தேறாவிட்டால், தையல் வகையைக் குமிழால் திருகித் தேர்ந்தெடுக்கும் சாதாரண ஜிக்ஜாக் இயந்திரம் போதுமானது.

கேள்வி: இணையதளத்தில் கைக்குள் அடங்கும் சிறிய தையல் மிஷின் வாங்கினேன். விளம்பரத்தில் ‘எல்லாத் துணியும் தைக்கும், உறுதியான தையல்’ என்றிருந்தது. தைத்த இடத்தில் நூலை இழுத்தால் முழுத் தையலும் பிரிந்து வருகிறது. திரும்ப எடுத்துக்கொள்ள விற்பனையாளர் மறுக்கிறார். (மதுரை வாசகி)

பதில்: ஸ்டேப்லர் வடிவத்தில் வரும் கைமிஷின்களில் பெரும்பாலானவற்றுக்குக் கீழ்நூல் கிடையாது. ஒரே நூலால் சங்கிலித் தையல் போடுகின்றன. கடைசி வளையத்தைப் பூட்டாமல் விட்டால், நுனியை இழுத்ததும் அரிசி மூட்டையின் தையலைப் போல அது பிரிந்துவிடும். மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்ளும் மிஷினில் இப்படி நேராது. ஆகவே எந்தச் சிறிய மிஷினை வாங்கினாலும், பாபின் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்களிடம் இருப்பதைத் திரைச்சீலை மடிப்பைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கப் பயன்படுத்தலாமே தவிர, குழந்தையின் உடைக்குப் பயன்படுத்த இயலாது.

பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. பொருள் குறைபாடுடையதாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. விளம்பரப் பக்கத்தின் திரைப் பதிவு, பில், தையல் பிரிந்து வருவதைக் காட்டும் சிறு காணொளி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். அதற்கும் மசியாதவர் மீது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே மனுச் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்தாக வேண்டும். சில நூறு ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். பல நேரங்களில் 1915 வரை போனாலே பணம் வந்துவிடுகிறது.

கேள்வி: வயது 47. இரவில் குறுக்குத் தையல் (கிராஸ் ஸ்டிச்) போடும்போது கட்டங்கள் கலங்கித் தெரிகின்றன. பூதக்கண்ணாடி பொருத்திய மேசை விளக்கு வாங்கலாமா? (கோவை வாசகி)

பதில்: விளக்குக் கடைக்குப் போகும் முன் கண் மருத்துவரிடம் போங்கள், போகும்போது ஃப்ரேமில் மாட்டிய துணியையும் கொண்டு செல்லுங்கள். வாசிப்புக் கண்ணாடி பொதுவாக 40 செ.மீ. தூரத்தைக் கணக்கிட்டுத் தரப்படுகிறது. எம்பிராய்டரி போடுகிறவர்களோ துணியை 25 முதல் 30 செ.மீ. தூரத்திலேயே பிடிக்கிறார்கள். இதைச் சொல்லாமல் வாங்கிய கண்ணாடியில் செய்தித்தாள் தெளிவாகத் தெரியும், தையல் தெரியாது. நீங்கள் துணியைப் பிடிக்கும் தூரத்தை அளந்து, அதற்கெனத் தனிக் கண்ணாடி எழுதித் தரக் கேளுங்கள். வாழ்நாள் முழுவதும் தைக்க விரும்புகிறவருக்கு எந்த மிஷினையும்விட இது நல்ல முதலீடு என்பது என் கருத்து.

அடுத்தது வெளிச்சம். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் போய்ச் சேர்ந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் போய்ச் சேர்கிறது. எனவே பழைய ட்யூப்லைட் வெளிச்சம் போதவில்லை என்பது உங்கள் கற்பனை அன்று. வலக்கைப் பழக்கமுள்ளவர் இடப்பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி, வளைக்கக்கூடிய எல்இடி மேசை விளக்கு ஒன்று வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு) என்ற எண் 90க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அது குறைவாக இருந்தால் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வேறுபாடு தெரியாமல் தைத்துவிட்டு மறுநாள் காலையில் பிரிக்க வேண்டியிருக்கும். பூதக்கண்ணாடி விளக்கு இவ்விரண்டுக்கும் பிறகே. வாங்கினால், மூடியுள்ளதாகப் பார்த்து வாங்கி, பகலில் மூடியே வையுங்கள். சன்னல் வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து துணியில் தீப்பற்ற வாய்ப்புண்டு.

கேள்வி: ஆரி வொர்க் (கொக்கி ஊசியால் மணி, ஜரிகை பதித்துப் போடும் எம்பிராய்டரி) வகுப்பில் சேர்ந்தேன். கட்டணத்துடன் ஸ்டாண்ட், ஊசி, மணி, ஜரிகை அடங்கிய ‘கிட்’டையும் அவர்களிடமே வாங்க வேண்டும் என்றார்கள். இரண்டு வகுப்புகளோடு ஆசிரியை நின்றுவிட்டார். பணத்தைத் தர மறுக்கிறார்கள். (சேலம் வாசகி)

பதில்: ரசீது இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பொருளுக்கோ சேவைக்கோ பணம் பெற்றுக்கொண்டு பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைதான். தனியார் பயிற்சி மையங்களின் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று தேசிய ஆணையம் 2020இல் கூறியிருக்கிறது. நடக்காத வகுப்புகளுக்கான தொகையைக் கேட்டு ஒப்புகை வசதியுடன் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ரசீது இல்லையெனில் யுபிஐ பரிமாற்றமும் வாட்ஸ்அப் உரையாடலும் சான்றாக உதவும். கிட்டைத் திருப்பித் தருவது பற்றி வற்புறுத்த வேண்டாம். அந்த ஸ்டாண்டும் ஊசியும் உங்களுக்கு எப்படியும் வேண்டியவைதாம்.

கேள்வி: பெரிய குறுக்குத் தையல் படம் ஒன்றைப் பாதியில் விட்டு ஒரு வருடம் கழித்துத் தொடர்ந்தேன். அதே எண் கொண்ட சிவப்பு நூல் வாங்கியும் நிறம் சற்று வேறுபடுகிறது. நூல் போலியா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: போலி என்று உடனே சொல்லிவிட இயலாது. ஒரே நிற எண்ணாக இருந்தாலும், ஒவ்வொரு முறை சாயமேற்றும்போதும் நூலில் சிறு வேறுபாடு வரும். அதனால்தான் பெரிய படத்துக்குத் தேவையான நூல் முழுவதையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிவிட வேண்டும் என்பார்கள். கணக்கும் கடினமன்று. 14 எண் ஐடா துணி (கட்டம் கட்டமாக நெய்த எம்பிராய்டரித் துணி) என்றால் அங்குலத்துக்கு 14 கட்டங்கள். 140 கட்டப் படம் பத்து அங்குலம் வரும். ஆங்கர் எம்பிராய்டரி நூல்கட்டு 8 மீட்டர் நீளமும் 6 இழைகளும் கொண்டது. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் கிடைக்கும். ஒரு சதுர அங்குலத்தை முழுமையாக நிரப்பிப் பார்த்து, செலவான நீளத்தைக் கொண்டு மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். இப்போதைக்குப் புதிய நூலையும் பழைய நூலையும் ஓரிழை ஓரிழையாகச் சேர்த்துக் கோத்துச் சில வரிசைகள் தையுங்கள். மாற்றம் கண்ணை உறுத்தாது. அதற்கு முன், ஈர வெள்ளைத் துணியில் அந்தச் சிவப்பை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். பில்லில் வேறு கெடு எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், குறைபாடுள்ள பொருளை 30 நாள்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறையே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருப்பது இங்கே செல்லாது.

கேள்வி: ‘லைஃப்டைம் கேரண்டி’ போட்ட கத்தரிக்கோல் வாங்கலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: யாருடைய லைஃப் என்று கடைக்காரரைக் கேளுங்கள். முனை மழுங்குவதையும் கீழே விழுந்து நெளிவதையும் அந்த கேரண்டி ஏற்குமா என்று அட்டையைப் படித்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அதைவிட, திருகைக் கழற்றிச் சாணை பிடிக்கக்கூடிய கத்தரிக்கோலாக வாங்குவது மேல். புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்தரிக்கோல்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. வாங்கியபின் காகிதம் வெட்ட யாருக்கும் இரவல் தர வேண்டாம்.

கேள்வி: காலஞ்சென்ற என் அம்மாவின் தையல் பெட்டியில் நிறைய நூலும் ஊசியும் இருக்கின்றன. பயன்படுத்தலாமா? (சென்னை வாசகி)

பதில்: ஒரு முழ நூலை வெட்டி இரு கைகளாலும் சுண்டி இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் மிஷினில் போடாதீர்கள், டாக்கா (தற்காலிகக் கைத்தையல்) போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அறுக்கச் சிரமமாக இருந்தால் தாராளமாகத் தைக்கலாம். துருப்பிடித்த ஊசிகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி அப்புறப்படுத்துங்கள், துணியில் கறை விழும். புதிய ஊசி வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: மிஷின் ஊசியில் எண் கூடக்கூடத் தடிமன் கூடும், கைத்தையல் ஊசியில் எண் கூடக்கூட மெல்லியதாகும். மிஷினுக்கு 14ஆம் எண் சாதாரணப் பருத்தித் துணிக்கும் 11 மெல்லிய துணிக்கும் பொருந்தும்.