தினமும் போடாவிட்டால் என்ன ஆகும்?

கேள்வி: அலுவலக வேலை, வீடு, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். இதற்கு நடுவே செடி வளர்ப்பு பற்றி இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். உற்சாகம் வந்தால் பத்து நாள் விடாமல் போடுவேன். அப்புறம் ஒரு மாதம் எதுவும் இருக்காது. தினமும் போட்டால்தான் அல்காரிதம் நம்மைக் காட்டும் என்கிறார்கள். நேரமே இல்லாத நான் எப்படித் தொடர்ந்து பதிவு போடுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்தப் பத்து நாள்தான். ஒரு மாத இடைவெளி அதன் விளைவு. கொஞ்சம் ஓய்வு கிடைத்த வாரத்தில் உட்கார்ந்து 'இனி தினமும்' என்று முடிவெடுக்கிறோம். வேலை நெருக்கும் வாரம் வந்ததும் அது முறிகிறது. முறிந்துவிட்டதே என்ற கூச்சத்தில் பக்கத்தைத் திறந்து பார்க்கவே மனம் வருவதில்லை.

அளவை உங்கள் மிக மோசமான வாரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மாதக் கடைசி வேலை, பிள்ளைகளுக்குத் தேர்வு, வீட்டில் யாருக்கோ காய்ச்சல், மூன்றும் ஒன்றாக வரும் வாரத்தில் எத்தனை பதிவு போட முடியும்? ஒன்று என்றால், வாரம் ஒன்று. அவ்வளவுதான். உற்சாகமான வாரத்தில் ஐந்து தயாரித்தாலும் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நான்கை எடுத்து வையுங்கள். இதில் இதுதான் கஷ்டமான வேலை. கையில் தயாராக இருப்பதைப் போட்டு லைக் வாங்காமல் இருக்க நிஜமாகவே மனக்கட்டுப்பாடு வேண்டும்.

சரி, அல்காரிதம். 2016 வரை இன்ஸ்டாகிராம் பதிவுகளை நேர வரிசைப்படி காட்டியது. அப்போது அடிக்கடி போடாதவர் கீழே போய்விடுவார் என்ற பயத்தில் நியாயம் இருந்தது. இப்போது ஒருவருக்கு எது பிடிக்கும் என்று கணித்துத்தான் வரிசை அமைகிறது. மூன்று நாள் முன்பு போட்டதுகூட இன்று ஒருவர் கண்ணில் படலாம். அந்நிறுவனத்தின் தலைவர் ஆடம் மொசெரி 2025 தொடக்கத்தில் முக்கியமானவையாகச் சொன்ன மூன்று: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக் போடுகிறார்களா, இன்னொருவருக்கு அனுப்புகிறார்களா. அதிகம் போட்டால் அதிக வாய்ப்பு என்பது பொய்யில்லை. ஆனால் அவசரத்தில் எடுத்த ஏழு ரீல்ஸை யாரும் யாருக்கும் அனுப்பப் போவதில்லை.

அடுத்தது நேரம். படம் எடுப்பது, எழுதுவது, போடுவது என்பவை தனித்தனி வேலைகள். ஒரே நாளில், அதுவும் இரவு பத்து மணிக்கு மேல், மூன்றையும் செய்ய உட்கார்ந்தால் யாருக்கும் அலுத்துவிடும். செடிக்கு எப்படியும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். அப்போதே போனில் பத்து விநாடி எடுத்து ஒரு தனி ஆல்பத்தில் போட்டு வையுங்கள். அந்த நேரத்தில் எடிட்டிங்கும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். மாதத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நான்கைத் தேர்ந்தெடுத்து, கேப்ஷன் எழுதி, நான்கு வாரத்துக்கும் ஷெட்யூல் செய்துவிடுங்கள். தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால், அதற்குக் கட்டணம் கிடையாது, செயலியிலேயே 75 நாள் வரை முன்கூட்டிப் பதிவுகளை வைக்கலாம். ஃபேஸ்புக்கிலும் பக்கம் இருந்தால் மெட்டா பிசினஸ் சூட்டில் (இரண்டு பக்கங்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க மெட்டா நிறுவனம் தரும் கருவி) இரண்டுக்கும் சேர்த்தே வைக்கலாம். போடாமல் செயலியில் சேமித்து வைக்கும் டிராஃப்ட்டை மட்டும் நம்பாதீர்கள். அது உங்கள் போனில்தான் இருக்கும். செயலியை நீக்கினால் கூடவே போய்விடும்.

ஷெட்யூல் செய்வதில் பலர் கவனிக்காத லாபம் ஒன்று உண்டு. பதிவு போடத்தான் செயலியைத் திறக்கிறோம், மூடும்போது அரை மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. அந்த அரை மணி 'பதிவு போட்ட நேரம்' என்று நம் கணக்கில் ஏறிவிடுகிறது. உங்களுக்கு நேரமே இல்லை என்று தோன்றுவதில் இதன் பங்கு எவ்வளவு என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

என்ன போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பெரும்பாலும் நின்றுபோவது அங்கேதான். புது யோசனை தேடாதீர்கள். கமென்ட்டிலும் இன்பாக்ஸிலும் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். 'இலை மஞ்சளாகிறது, என்ன செய்ய?' என்ற கேள்வி உங்களுக்கு வராமல் இருந்திருக்காது. அதை ஒரே பதிவில் தீர்த்துவிட நினைக்கும்போதுதான் அது பெரிய வேலையாகிறது. பிரித்துப் பாருங்கள். கீழே இருக்கும் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், ஏனென்றால் செடி அதைப் பழைய இலையிலிருந்து உறிஞ்சித் துளிருக்கு அனுப்பும். துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்கலாம். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுவிட முடியாமல் தவிக்கிறது. ஒன்றிரண்டு அடி இலை மட்டும் பழுத்து உதிர்ந்தால், அது வயதாகி விழுவது, விட்டுவிடலாம். ஒரே கேள்வியில் ஒரு மாதம் ஓடிவிட்டது. பதிலையும் நீங்கள் ஏற்கெனவே யாருக்காவது டைப் செய்து அனுப்பியிருப்பீர்கள். அதையே கொஞ்சம் திருத்திக் கேப்ஷன் ஆக்குங்கள்.

பழைய பதிவுகளில் நன்றாகப் போனதை மறுபடி போடவும் தயங்காதீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்களுக்கும் நினைவிருக்காது, நம் பதிவுகளை நம்மைப் போல யாரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. பாட்டு, எஃபெக்ட், எழுத்து வடிவம் என்று நேரம் தின்னும் அலங்காரங்களை விட்டுவிடலாம்.

கமென்ட்டுகளுக்குப் பதில் சொல்வதை மட்டும் ஷெட்யூல் செய்ய முடியாது. அதற்கு வாரத்தில் இரண்டு தடவை கால் மணி நேரம் போதும். அதிலிருந்துதான் அடுத்த மாதத்துப் பதிவுகளும் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சில வாரம் தவறத்தான் செய்யும். அப்போது 'இத்தனை நாள் வர முடியவில்லை, மன்னிக்கவும்' என்று ஒரு பதிவு போடாதீர்கள். பலர் நீங்கள் வராததைக் கவனித்தே இருக்க மாட்டார்கள், நீங்களே சொல்லிக் கொடுக்க வேண்டாம். அடுத்து வைத்திருப்பதை எடுத்துப் போடுங்கள்.