நேவிகேஷன் ஸ்டீரியோவை நாமே பொருத்தலாமா? மீட்டர் பிடித்த பிறகே ஒயரைத் தொடுங்கள்

கேள்வி: காரோடு வந்த பழைய ஆடியோ செட்டைக் கழற்றிவிட்டு, ஜி.பி.எஸ். உள்ள டபுள் டின் ஸ்டீரியோ ஒன்றை நானே பொருத்த நினைக்கிறேன். வீட்டு ஒயரிங் ஓரளவு தெரியும். கார் ஒயரிங்கில் கை வைத்ததில்லை. பெட்டியில் ஒரு கட்டு ஒயர், சதுரமாக ஒரு குட்டி ஆன்டெனா, ஒரு மைக், சில ஸ்க்ரூக்கள் இருக்கின்றன. எந்த ஒயரை எதோடு சேர்ப்பது? ஆன்டெனாவை எங்கே வைப்பது? வெளியில் வாங்கிய செட் போட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதல் முறை என்றால் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். டேஷ்போர்டைக் கழற்றி மாட்ட அதில் கொஞ்ச நேரம்தான் போகும். மேசையில் உட்கார்ந்து ஒயர் சேர்ப்பதும் மீட்டர் பிடிப்பதும்தான் மீதி வேலை. இரண்டு விஷயங்களில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: காரோடு வந்த கனெக்டரை வெட்டாதீர்கள், காரில் இருக்கும் ஒயரின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்த வேலையில் கருகிப்போகும் செட்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மீறியதால் கருகியவை.

முதலில் அளவு. டபுள் டின் என்றால் முகப்பு 180 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம். டொயோட்டா போன்ற சில கார்களில் அந்தத் துளை 200 மி.மீ. அகலம் இருக்கும், அப்போது இரு பக்கமும் இடைவெளியை மூடும் பட்டை தேவை. அகலத்தை எல்லோரும் அளக்கிறார்கள், ஆழத்தை மறந்துவிடுகிறார்கள். செட்டின் ஆழத்தோடு பின்னால் சொருகும் பிளக்கும் ஒயர்க் கட்டும் சேர்ந்து இன்னும் 40 முதல் 50 மி.மீ. கேட்கும். உள்ளே ஏ.சி. குழாயோ இரும்புத் தாங்கியோ குறுக்கே இருந்தால் செட் கடைசி ஒரு விரல்கடை உள்ளே போகாமல் நின்றுவிடும். அந்த இடத்தில் பலவந்தமாகத் தள்ளினால் ஒயர் நசுங்கும்.

செட்டைத் தவிர இன்னும் மூன்று பொருட்கள் வேண்டும். ஒன்று, உங்கள் கார் மாடலுக்கான ஃபிரேம். இரண்டாவது, ஒரு முனை கார் பிளக்கில் சொருகுவதாகவும் மறுமுனை ஒயர்களாகவும் இருக்கும் அடாப்டர் ஹார்னஸ். மூன்றாவது, ரேடியோ ஆன்டெனா அடாப்டர். இந்த மூன்றாவதைத்தான் பலர் வாங்குவதில்லை. புதிய கார்களில் பலவற்றில் ஆன்டெனாவுக்குள்ளேயே ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதற்கு 12 வோல்ட் கரன்ட் போக வேண்டும். நீல ஒயர் உள்ள அடாப்டரை வாங்கி, அந்த ஒயரை செட்டின் நீல ஒயரோடு சேர்த்தால் எஃப்.எம். தெளிவாகக் கேட்கும். சேர்க்காவிட்டால் பக்கத்து ஸ்டேஷன்கூட இரைச்சலோடுதான் வரும். செட் மட்டம் என்று அதைத் திட்டுவோம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். டிஜிட்டல் மல்டிமீட்டர், பிளாஸ்டிக் நெம்புகோல், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 7, 8, 10 மி.மீ. சாக்கெட்டுகள், ஒயர் இணைப்பை நசுக்கி இறுக்கும் கிரிம்பிங் கருவி, சூடேற்றினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், ஒயர் சுற்றும் துணி டேப். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது இழுக்கும் கரன்ட் ஏர்பேக் போன்ற நுண்ணிய சர்க்யூட்டுக்கு ஆபத்து.

மேசையில் முடிக்க வேண்டிய வேலை

கடையில் வாங்கும் செட்களில் ஒயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே வழக்கப்படி இருக்கும். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் வேண்டும் ஒயர். செட்டின் நினைவகத்துக்கும் முக்கிய கரன்டுக்கும் அதுதான். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் கரன்ட் வரும் ஏ.சி.சி. கறுப்பு எர்த். ஆரஞ்சு, பார்க் லைட் போட்டதும் திரை வெளிச்சத்தைக் குறைக்க. நீலத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் அது வெளி ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ஒயர். ஸ்பீக்கர்களுக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஜோடியின் நெகட்டிவ். உங்கள் செட்டோடு வந்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாள் சொல்வதே சரி.

இந்த ஒயர்களை அடாப்டர் ஹார்னஸ் ஒயர்களோடு மேசையிலேயே சேர்த்துவிடுங்கள். காருக்குள் குனிந்து, கழுத்து வலிக்க, டார்ச் பிடித்துச் செய்ய வேண்டிய வேலை இல்லை இது. முறுக்கி டேப் சுற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு உள்ளே அனலாய்க் கொதிக்கும். டேப்பின் பசை இளகி, சுற்று மெல்ல அவிழ்ந்து, செம்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். சில மாதம் கழித்து ஒரு குலுக்கலில் மஞ்சளும் கறுப்பும் தொட்டுக்கொள்ளும். கிரிம்ப் செய்து மேலே ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். சால்டரிங்கும் பரவாயில்லை, ஆனால் ஈயம் ஏறிய இடத்தை ஒட்டி ஒயர் விறைத்துப்போவதால் அதிர்வில் அங்கேதான் ஒடியும். அதனால் ஒயர்க் கட்டை இறுக்கமாகக் கட்டி ஆடாமல் வைக்க வேண்டும்.

டேஷ்போர்டைத் திறப்பது

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி 10 நிமிடமாவது காத்திருங்கள். ஏர்பேக் யூனிட்டுக்குள் கெப்பாசிட்டர் சார்ஜ் வைத்திருக்கும். அது இறங்க வேண்டும். சில மாடல்களுக்கு இன்னும் அதிக நேரம் குறிப்பிட்டிருப்பார்கள், காரின் கையேட்டைப் பாருங்கள். பழைய செட்டுக்குப் பாதுகாப்பு எண் இருந்தால் கழற்றும் முன்பே குறித்துவையுங்கள்.

கியர் லீவரைச் சுற்றியுள்ள பளபளப்பான பகுதிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, நடுப் பேனலை ஒரு மூலையிலிருந்து நெம்புங்கள். 'டக்' என்று ஒரு கிளிப் விட்டதும் அடுத்த கிளிப்புக்கு நகருங்கள். ஒரே இடத்தில் இழுத்தால் காது உடையும். பேனல் கையோடு வந்ததும் இழுத்துவிடாதீர்கள். ஹசார்டு சுவிட்ச், ஏ.சி. பட்டன், சில கார்களில் பயணி ஏர்பேக் விளக்கு எல்லாம் பின்னால் ஒயரோடு தொங்கும். மஞ்சள் நிற கனெக்டரோ மஞ்சள் உறையோ கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக் ஒயர். கை வைக்க வேண்டாம். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் ஃபோனில் படம் எடுத்துவையுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அடுத்து மீட்டர் பிடிக்க பேட்டரியைத் திரும்ப இணைக்கப்போகிறோம். அதற்கு முன் கழற்றிய சுவிட்ச் பிளக்குகளை எல்லாம் மறுபடி சொருகிவிடுங்கள். ஏர்பேக் விளக்கின் பிளக் கழன்றிருக்கும்போது இக்னிஷன் போட்டால், ஸ்பீடோமீட்டர் பலகையில் ஏர்பேக் எச்சரிக்கை எரியத் தொடங்கி அப்படியே நிற்கும். ஸ்கேனர் இல்லாமல் அது அணையாது.

மீட்டர் என்ன சொல்கிறது

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் கார் பிளக்கின் ஒவ்வொரு பின்னையும் தொடுங்கள். சாவி இல்லாதபோதே 12.4 முதல் 12.7 வரை காட்டும் பின் நிலையான கரன்ட். அது செட்டின் மஞ்சளுக்கு. சாவியை ஏ.சி.சி. நிலைக்குத் திருப்பும்போது புதிதாக உயிர் பெறும் பின் சிவப்புக்கு. சாவியை எடுத்ததும் அது பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பல கார்களில் உள்ள ஐ.எஸ்.ஓ. பிளக்கில் 4ஆம் பின் நிலையான கரன்ட், 7ஆம் பின் ஏ.சி.சி., 8ஆம் பின் எர்த் என்பது பொது வழக்கம். ஆனால் சில ஐரோப்பிய கார்களில் 4ம் 7ம் இடம் மாறியிருக்கும். அப்படியே சொருகினால் செட் வேலை செய்யும். சாவியை எடுத்ததும் ஸ்டேஷன்கள், தேதி, வீட்டு முகவரி எல்லாம் அழிந்துவிடும். நல்ல ஹார்னஸில் மஞ்சளிலும் சிவப்பிலும் நடுவே சிறு சொருகு இணைப்பு இருக்கும். இரண்டையும் மாற்றிச் சொருகினால் தீர்ந்தது.

எந்தப் பின்னிலும் ஏ.சி.சி. கிடைக்கவில்லையா? உங்கள் காரில் 'எழுந்திரு' என்ற கட்டளை ஒயரில் கரன்டாக வராமல் காரின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் ஒயர் வழியாகத் தகவலாக வருகிறது. உங்கள் மாடலுக்கான கேன் பஸ் டிகோடர் பெட்டியை வாங்குங்கள். பல கார்களில் ஸ்டீயரிங் பட்டன்களும் ரிவர்ஸ் சிக்னலும் அதிலேயே வந்துவிடும். அந்தப் பெட்டி கிடைக்காவிட்டால், ஃப்யூஸ் பாக்ஸில் சாவியோடு அணையும் ஒரு ஃப்யூஸிலிருந்து ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் சொருகி, கூடுதலாக ஒரு ஒயர் எடுக்க உதவும் துண்டு) வழியாக சிவப்புக்கு மட்டும் கரன்ட் எடுக்கலாம். கேன் பஸ் ஒயரை எக்காரணம் கொண்டும் கிள்ளாதீர்கள்.

ஸ்பீக்கர் ஜோடிகளை ஓம் நிலையில் அளந்தால் சுமார் 3 முதல் 4 ஓம் காட்ட வேண்டும். எந்த ஸ்பீக்கர் ஒயரும் பாடியோடு தொடர்பு காட்டக் கூடாது. வீட்டு ஒயரிங் தெரிந்தவர்கள் தடுக்கி விழும் இடம் இது: நெகட்டிவ்தானே என்று ஸ்பீக்கரின் கறுப்புக் கோடு ஒயரை எர்த்தில் சேர்த்துவிடுவார்கள். இந்த செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கும்; இரண்டுமே இயக்கும் முனைகள். ஒன்று பாடியைத் தொட்டால் செட் பாதுகாப்பு நிலைக்குப் போகும், அல்லது அவுட்புட் ஐ.சி. போய்விடும். பிளஸ் மைனஸ் தெரியவில்லை என்றால் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை அந்த ஜோடியில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் கோன் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்டது ஸ்பீக்கரின் பிளஸ். ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழானால் பாட்டில் பாஸ் காணாமல் போகும்.

மற்ற ஒயர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹேண்ட்பிரேக் ஒயர், ஓடும்போது திரையில் வீடியோ வராமல் தடுப்பதற்கு; ஹேண்ட்பிரேக் சுவிட்சோடு சேர்க்க வேண்டும். பாடியில் சேர்த்து ஏமாற்றும் வழக்கம் உண்டு. ஓட்டுபவரின் கண்ணைச் சாலையில் வைத்திருக்கத்தான் அந்த ஒயர், அதைச் செய்யாதீர்கள். ரிவர்ஸ் கேமரா இருந்தால் ரிவர்ஸ் விளக்கின் 12 வோல்ட்டை செட்டின் ரிவர்ஸ் ஒயருக்குக் கொண்டுவாருங்கள். படம் துடித்தால் நடுவே ஒரு ரிலே போடுங்கள். ஸ்டீயரிங் பட்டனுக்கு கீ 1, கீ 2 என்ற ஒயர்கள் இருக்கும். இணைத்த பிறகு செட்டிங்கில் ஒவ்வொரு பட்டனையும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அந்தச் சதுர ஆன்டெனா

நேவிகேஷன் தகராறுகளில் பாதி இந்தத் தீப்பெட்டி அளவுப் பொருளில்தான் தொடங்குகிறது. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். சிக்னல் தரையை எட்டும்போது மிக மெலிந்திருக்கும். பிளாஸ்டிக்கையும் சாதாரணக் கண்ணாடியையும் அது தாண்டும், இரும்பைத் தாண்டாது. ஆகவே ஆன்டெனா டேஷ்போர்டின் மேல்தளத்தில், முன்கண்ணாடிக்கு அருகில், மேல்முகம் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே ஒளித்தும் வைக்கலாம், மேலே குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால். செட்டின் தகரக் கூட்டின் மேலேயே ஒட்டிவிட்டு நேவிகேஷன் வழுக்குகிறது என்று வருந்துவதில் பயனில்லை.

பயணி பக்க ஏர்பேக் மூடி மேல் ஒட்டாதீர்கள்; ஏர்பேக் விரிந்தால் அது எறிகல்லாகும். டேஷ்கேமிலிருந்தும் அதன் சார்ஜரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி வையுங்கள். அவற்றின் மின் இரைச்சல் இந்தச் சிக்னலை விழுங்கிவிடும். உங்கள் முன்கண்ணாடி வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சு உள்ளதானால், ரியர் வியூ மிரர் அருகே பூச்சு இல்லாத புள்ளியிட்ட பகுதி இருக்கும். ஆன்டெனாவுக்கு அதுதான் இடம். மீதமுள்ள ஒயரைச் சிறு வளையமாக இறுக்கி மடிக்காமல், உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாகச் சுருட்டிக் கட்டுங்கள். செட்டில் வேக சிக்னல் ஒயர் இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். சுரங்கப்பாதைக்குள் அம்புக்குறி நகர்ந்துகொண்டே இருக்கும்.

முதல் முறை செட்டைப் போட்டதும் திறந்தவெளியில் 15 நிமிடம் காரை நிறுத்துங்கள். எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். கூரைக்குக் கீழே நின்றபடி ஆன்டெனா பழுது என்று முடிவு கட்டாதீர்கள்.

மாட்டுவதும் பேட்டரியும்

செட்டை உள்ளே தள்ளும் முன், வெளியே தொங்கவிட்டபடியே எல்லாவற்றையும் சோதியுங்கள்: நான்கு ஸ்பீக்கர், எஃப்.எம்., மைக், பார்க் லைட் போட்டதும் திரை மங்குவது, ரிவர்ஸ். இன்ஜினை ஓட்டி ஆக்சிலரேட்டரைக் கூட்டும்போது ஸ்பீக்கரில் ஒரு ஊளைச் சத்தமும் கூடினால் எர்த் சரியில்லை. கார் ஹார்னஸின் எர்த்துக்கே கொண்டுபோங்கள். பக்க ஸ்க்ரூக்களுக்கு செட்டோடு வந்தவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய நீள ஸ்க்ரூ உள்ளே போய் போர்டைக் குத்தும். மைக் ஒயரையோ ஆன்டெனா ஒயரையோ பக்கத் தூணில் ஏற்றினால், அங்கே உள்ள கர்ட்டன் ஏர்பேக்கின் பின்பக்கமாக ஏற்றுங்கள். முன்னால் குறுக்கே போகக் கூடாது.

இனி பேட்டரி பயம். சரியாக ஒயர் செய்த செட் பேட்டரியை இறக்காது. சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து நிலையான கரன்டில் முடிச்சுப் போட்டுவிடும் குறுக்குவழிதான் அந்தக் கெட்ட பெயருக்குக் காரணம். அப்படிச் செய்தால் செட் தூங்கவே தூங்காது. அரை ஆம்பியர் எடுத்தால்கூட ஒரு நாளில் 12 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு நாளில் பாதிக்கும் கீழே போய்விடும்.

சந்தேகம் தீர அளந்துவிடுங்கள். போனட்டைத் திறந்து வைத்து, கதவுகளை மூடிப் பூட்டி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். காரின் கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே நின்றால் நிம்மதி. அதற்கு மேல் காட்டினால் ஸ்டீரியோ ஃப்யூஸை எடுத்துப் பாருங்கள். அளவு சட்டென்று விழுந்தால் தவறு உங்கள் மஞ்சள் சிவப்பில் இருக்கிறது, விழாவிட்டால் வேறெங்கோ. மீட்டர் அந்த இடத்தில் இருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.