ஆயர் அழலாமா?

கேள்வி: எங்கள் ஆயர் ஆறு மாதங்களுக்கு முன் மனைவியை இழந்தார். அதன்பின் சபையின் மாத மடலில் அந்தத் துக்கத்தைப் பற்றியே எழுதிவருகிறார். பிரசங்கத்தின் நடுவிலும் சில வேளைகளில் தொண்டை அடைத்து நின்றுவிடுகிறார். ஆறுதல் சொல்ல வேண்டியவரே இப்படி இருந்தால் சபை எப்படிப் பெலப்படும் என்று குருசேகரக் கமிட்டியில் (ஆயரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தின் நிர்வாகக் குழுவில்) சிலர் கேட்கிறார்கள். மனைவி இறந்தபோதும் அழாதிருந்த வேதாகமத் தீர்க்கதரிசி எசேக்கியேலை எடுத்துக்காட்டி, ஆயரை மாற்றும்படி பேராயருக்கு மனு எழுதியிருக்கிறார்கள். நான் கையெழுத்திடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோத்தகிரி

பதில்: கையெழுத்திடாதீர்கள்.

எசேக்கியேலைச் சான்றாகக் காட்டியவர்கள் அவர் பெயரிலுள்ள வேதாகமப் புத்தகத்தின் 24ஆம் அதிகாரத்தில் இன்னும் சில வசனங்களைச் சேர்த்து வாசித்திருக்க வேண்டும். அழாதே, தலைப்பாகையைக் கட்டிக்கொள், பாதரட்சைகளைப் போட்டுக்கொள், துக்கவீட்டு அப்பத்தைப் புசியாதே என்று தீர்க்கதரிசிக்குக் கட்டளை வருகிறது. அவரும் அப்படியே செய்கிறார். உடனே ஜனங்கள், நீர் செய்கிற இதற்கு என்ன பொருள் என்று அவரிடம் விளக்கம் கேட்கிறார்கள். ஊழியக்காரர் மனைவிக்காக அழாதிருப்பது அந்நாளில் இயல்பாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. எருசலேமின் ஆலயம் அழியப்போகிறது, அப்போது அழுது தீர்க்கவும் உங்களால் இயலாது என்று எச்சரிப்பதற்காக ஒருவருக்கு மட்டும் விதிக்கப்பட்ட அடையாளம் அது. அதை எல்லா ஆயர்களுக்கும் சட்டமாக்க எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் இல்லை. இறந்துபோன லாசருவைச் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதிவைத்திருக்கும்போது, உயிர்த்தெழுதலை நம்புகிறவர் அழலாகாது என்ற போதனையை இவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்?

நீங்கள் இணைத்து அனுப்பிய இரண்டு மடல்களையும் படித்தேன். எத்தனையோ அடக்க ஆராதனைகளை நடத்திய தாம், மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் அந்த வீடுகளுக்குத் திரும்பிப் போகாமல் இருந்துவிட்டதை இப்போதுதான் உணர்வதாக ஆயர் எழுதியிருக்கிறார். எல்லோரும் கலைந்துபோன பின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை எவ்வளவு நீளமானது என்றும் எழுதியிருக்கிறார். இதைத் தன்னிரக்கம் என்று உங்கள் கமிட்டியார் படித்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. உங்கள் சபையில் கணவனை இழந்தவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருப்பார்கள். தங்கள் வீட்டு வாசலுக்கு ஒருவர் காலம் கடந்தாவது திரும்பி வந்திருக்கிறார் என்று அவர்கள் அந்த வரிகளில் கண்டிருப்பார்கள். இதைவிடப் பெரிய ஊழியத்தை எந்தப் பிரசங்கத்தால் செய்துவிட முடியும்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பிரசங்கம் வாரந்தோறும் ஆயரின் சொந்தத் துக்கத்திலேயே வந்து நிற்குமானால், வேறு பாரங்களோடு வந்திருப்பவர்கள் வெறுங்கையோடு திரும்ப நேரும். அதை மூத்தவர் ஒருவர் அவரிடம் தனியாக, அன்போடு சொல்லலாம், மனுவில் எழுதக்கூடாது.

ஆயர் தாராபுரம் பக்கத்தைச் சேர்ந்தவர் என்றும், உறவினர் அடக்கம் முடிந்த கையோடு ஊர் திரும்பிவிட்டார்கள் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். படகர் ஹட்டி (கிராமம்) ஒன்றில் சாவு நேர்ந்தால் சுற்று ஊர்களின் உறவுமுறையார் எல்லாம் திரண்டு வருவதைக் கண்டு வளர்ந்த மலை உங்களுடையது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியின் மண்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதையும் உங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. இழவு வீட்டில் எப்படி உட்கார வேண்டும் என்பதை உங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மலையில் ஆயருக்கு உறவுமுறை என்று சபையைத் தவிர யார் இருக்கிறார்கள்? “அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்று பவுல் ரோமருக்கு எழுதியது ஆயர்களுக்கு மட்டும் இடப்பட்ட பணி அன்று, சபை முழுவதற்கும் இடப்பட்டது. அதை மறந்துவிட்டு, அழுகிறவரைக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்ப முயல்வது கடமையிலிருந்து நழுவுவதே ஆகும். ஆயர் குடியிருக்கச் சபை கொடுத்திருக்கும் குருமனை அவருக்குச் சொந்தமான வீடு அன்று. மாற்றல் உத்தரவு வந்தால், மனைவியோடு வாழ்ந்த அந்த வீட்டையும் அவரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தையும் அவர் ஒருசேர விட்டுவிட்டு மலையிறங்க வேண்டும். மனு எழுதியவர்கள் இதை எண்ணிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

பேராயருக்கு எழுதுவதானால் வேறொரு விண்ணப்பம் எழுதுங்கள். சில வாரங்கள் ஆயருக்கு விடுப்பு வேண்டும், அடக்க ஆராதனைகளைச் சில மாதங்களுக்குப் பக்கத்துக் குருசேகரத்து ஆயர் ஏற்று நடத்த வேண்டும், ஆயருக்கு மனம்விட்டுப் பேச மூத்த ஆயர் ஒருவரை அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். அனுப்புமுன் அந்தக் கடிதத்தை ஆயரிடமே வாசித்துக் காட்டுங்கள். துக்கத்தில் சிலருக்கு வேலையே ஊன்றுகோலாக இருக்கும், விடுப்பு வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த வரியை அடித்துவிட்டு மற்றதை அனுப்புங்கள்.