சந்தைக் கணக்கு மறதிக்கு மருந்தாகுமா?

கேள்வி: எனக்கு வயது 62. மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு நடந்தே போய்க் காய் வாங்குவேன். பலகையில் இருக்கும் விலையையும் தெருவில் வரும் வண்டிக்காரர் சொல்லும் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, வீட்டுக்கு வந்ததும் நோட்டில் கணக்கு எழுதுவேன். ஒரு வருஷமாக மறதி. சாவியைத் தேடுகிறேன், அடுப்படிக்கு எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். 12 வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். "காயை போன்ல ஆர்டர் போட்டுக்கலாம், நீங்க ஞாபக சக்தி கேம் விளையாடுங்கம்மா" என்கிறான் மகன். கேட்கலாமா?

பதில்: கேம் விளையாடினால் அந்த கேமில்தான் கெட்டிக்காரர் ஆவீர்கள். சந்தைப் பையைக் கீழே வைக்காதீர்கள் அம்மா.

1999 நவம்பர் 14-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்ததே உங்கள் அண்ணா நகரில்தான். அங்கே சின்ன வெங்காய விலையை மனதில் பிடித்துக்கொண்டே கத்திரிக்காய்க்குக் கணக்குப் போடுகிறீர்களே, மூளைக்கு அது நல்ல வேலை. கூடவே நடை, நாலு பேரோடு பேச்சு. இதனால் மறதி நோய் வராது என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் ஓடுகிற மூளையை உட்கார வைப்பானேன்?

ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்யுங்கள். சீட்டு எழுதி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், பார்க்காதீர்கள். கீரைக்கார அம்மா, அடுத்து தக்காளி, மூலையில் தேங்காய் என்று கடை வரிசையில் சாமான்களை மனதில் அடுக்கி வாங்குங்கள். கிளம்பும்போதுதான் சீட்டைப் பிரித்துச் சரிபார்க்க வேண்டும். திரும்பப் படிப்பதைவிட, முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதுதான் ஞாபகத்தைப் பலப்படுத்தும். மளிகையிலும் இப்படித்தான்: மல்லித்தூள் 200 கிராம் 68 ரூபாய், 500 கிராம் 160 ரூபாய் என்றால் 100 கிராமுக்கு எது மலிவு? பெரிய பாக்கெட்தான், 2 ரூபாய் மிச்சம். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அது வண்டு பிடிக்காமல் தீருமா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்!

எனக்கு உறுத்துவது அந்த மெட்ஃபார்மின். பல வருஷம் சாப்பிட்டால் உடலில் வைட்டமின் பி12 குறையலாம். அதனாலும் மறதி வரும், கால் மரத்துப்போகும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12, தைராய்டு, சர்க்கரை மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தூக்கம், மனச்சோர்வு, காது கேட்பது பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காதில் சரியாக விழாதது நினைவிலும் நிற்காது.

சாவியைத் தேடுவது எல்லா வீட்டிலும் நடப்பது. ஆனால் சில்லறை எண்ணத் தடுமாறுவது, கொடுத்த காசையே மறுபடி கொடுப்பது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, இதில் ஒன்று நடந்தாலும் நரம்பியல் மருத்துவரை உடனே பாருங்கள். மறதி நோயில் பணக் கணக்கு ஆரம்பத்திலேயே தடுமாறுவதுண்டு.

மருத்துவரிடம் போகும்போது உங்கள் கணக்கு நோட்டையும் கொண்டுபோங்கள். போன வருஷக் கூட்டலில் எத்தனை அடித்தல், இந்த வருஷம் எத்தனை என்று அவர் புரட்டிப் பார்க்கட்டும்.