வெற்றுச் சரமும் ‘நல்’ மதிப்பும்

கேள்வி: என் ஜாவா நிரலில், பயனர் பெயரை நிரப்பாமல் விட்டால் சில சமயம் பிழை எழுகிறது, சில சமயம் எழுவதில்லை. ஏன்?

பதில்: மதிப்பே இல்லாத ‘நல்’ (null) வேறு, நீளம் 0 கொண்ட, அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரையான வெற்றுச் சரம் வேறு. முன்னதன்மீது எந்த மெத்தடை (சரத்தின்மீது ஒரு வேலையைச் செய்யும் கட்டளையை) அழைத்தாலும் பிழை எழும். பின்னதோ ஓசையின்றிக் கடந்துபோய், தரவுத்தளத்தில் பெயரில்லாப் பதிவாக அமர்ந்துகொள்ளும். (என் கருத்தில் இதுவே கூடுதல் ஆபத்து.) ஆகவே, ‘நல்’ அல்ல என்பதை முதலில் உறுதிசெய்து, அதன் பின்னரே ஜாவா 11-இல் அறிமுகமான ‘இஸ்பிளாங்க்’ (isBlank) மெத்தடால் சோதியுங்கள், வெறும் இடைவெளிகளால் ஆன சரத்தையும் அது வெற்றாகவே கொள்ளும், ‘இஸ்எம்ப்டி’ (isEmpty) மெத்தட் அவ்வாறு கொள்ளாது. வரிசையை மாற்றினால் சோதனையே பிழையை எழுப்பிவிடும். ஆரக்கிள் தரவுத்தளம் வெற்றுச் சரத்தை ‘நல்’ ஆகவே கருதுவதால், சேமித்ததை மீண்டும் படிக்கும்போதும் இச்சோதனை தேவை.