சாலையை விட்டுப் பள்ளத்தில் இறங்கியவர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராக் பாடகர் நீல் யங்கின் பாடல்களைச் சில மாதங்களாகக் கேட்டு வருகிறேன். குரல் மெலிந்து, மூக்கொலியோடு வருகிறது. கிட்டாரிலும் விரல் வேகம் என்று வியக்க ஒன்றும் இல்லை. இப்படிப்பட்டவர் 60 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டையும் நான் மறுக்கப் போவதில்லை. நம் வழக்கில் சொன்னால் அவர் ஒரு வாக்கேயக்காரர். சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது. அத்தகையவரிடம் சாரீர சுகத்தை மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

1945-இல் கனடாவின் டொரன்டோவில் பிறந்து, ஐந்து வயதில் போலியோவில் விழுந்து எழுந்து, பெற்றோர் பிரிந்த பிறகு தாயோடு வினிபெக்கில் வளர்ந்தவர் அவர். 1966-இல், சவப்பெட்டி ஏற்றிச் செல்லும் பழைய பான்டியாக் வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே சன்செட் பொலிவார்டின் போக்குவரத்து நெரிசலில், கனடாவின் ஒன்டாரியோ மாகாண எண்பலகையோடு நின்ற அந்த விசித்திர வண்டி, முன்பே பழக்கமான இசைக்கலைஞர் ஸ்டீபன் ஸ்டில்ஸின் கண்ணில் பட்டதால்தான் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ராக் இசைக்குழு பிறந்தது.

கிட்டார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ‘ஓல்டு பிளாக்’ என்று அழைக்கும் கிப்சன் லெஸ் பால் 1953-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. தங்க நிறத்தில் இருந்து, பின்னால் கறுப்புப் பூச்சு வாங்கியது. 1969-இல் வெளிவந்த ‘சினமன் கேர்ள்’ பாடலில் அதன் தனி வாசிப்பைக் கேளுங்கள். ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தைத்தான் திரும்பத் திரும்ப மீட்டுகிறார். அடியில் மற்றக் கருவிகள் இடம் மாறிக்கொண்டே இருக்க, அதே ஸ்வரம் ஒருமுறை இணங்கியும் அடுத்தமுறை முரண்டு பிடித்தும் ஒலிக்கிறது. விரல் வேகம் உள்ளவர்களுக்கு இந்தப் பொறுமை அநேகமாக வாய்ப்பதில்லை என்பது என் கட்சி.

அவர் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், வென்ற இடத்தில் அவர் தங்காததுதான் என்று நினைக்கிறேன். 1972-இல் வந்த ‘ஹார்வெஸ்ட்’ அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம். அதிலுள்ள ‘ஹார்ட் ஆஃப் கோல்டு’ அவருக்கு அங்கே முதலிடம் பெற்றுத் தந்த ஒரே பாடல். வேறொருவராக இருந்தால் அதே பாணியில் பத்து ஆண்டுகள் ஓட்டியிருப்பார். அந்தப் பாடல் தன்னை நடுச்சாலைக்குக் கொண்டுவந்து விட்டதென்றும், அது சலித்துப் போனதால் ஓரத்துப் பள்ளத்தில் வண்டியை இறக்கியதாகவும் யங் பின்னாளில் எழுதினார். 1973-க்கும் 1975-க்கும் இடையே வந்த இருண்ட, கரடுமுரடான மூன்று ஆல்பங்களை ரசிகர்கள் இன்றும் ‘பள்ளத்து ஆல்பங்கள்’ என்றே சொல்கிறார்கள்.

கேள்வி: ‘தன்னைப் போலவே பாடவில்லை’ என்று அவர்மீது அவருடைய நிறுவனமே வழக்குத் தொடர்ந்ததாகப் படித்தேன். இது உண்மையா, கட்டுக்கதையா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உண்மை. 1983-இல் கெஃபன் ரெக்கார்ட்ஸ் 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. அவர் தந்த இசைத்தட்டுகள் விற்பனைக்கு உகந்தவையாக இல்லை, அவருடைய முந்தைய பாணியையும் ஒத்திருக்கவில்லை என்பதே புகார்.

முதலில் வந்தது ‘டிரான்ஸ்’. அதில் பெரும்பாலான பாடல்களில் குரலை வோகோடர் என்னும் கருவி வழியாக விட்டு, எந்திரம் பேசுவது போல ஆக்கியிருந்தார். அடுத்து அவர் கொண்டுபோன கன்ட்ரி இசைப் பாடல்களை ஏற்காமல், ராக் அண்ட் ரோல் வேண்டும் என்றது நிறுவனம். அப்படியே ஆகட்டும் என்று 1950-களின் பழம்பாணியில், மொத்தமே 25 நிமிடம் ஓடும் ஓர் ஆல்பத்தைக் கொடுத்தார். கேட்டதைத்தான் கொடுத்தார் என்று வாதாடலாம்; ஆனால் அதில் குறும்பு இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பதிலுக்கு யங்கும் வழக்குப் போட, இறுதியில் சமரசமாயிற்று. நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் கெஃபன் மன்னிப்பும் கேட்டார்.

‘டிரான்ஸ்’ வந்தபோது கேலி செய்தவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. யங்கின் மகன் பெருமூளை வாதத்தோடு பிறந்தவர், அவரால் பேச முடியாது. அந்நாட்களில் வீட்டில் இடைவிடாத பயிற்சிச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. சொல்ல வருவது எதிரே இருப்பவருக்கு எட்டாமல் போகும் அந்த நிலையைத்தான் தெளிவில்லாத எந்திரக் குரலில் வைத்ததாக அவர் பிற்பாடு விளக்கினார். இதை அறிந்த பிறகு அந்த ஆல்பத்தை மறுபடி கேட்டேன். முன்பு எரிச்சலூட்டிய அதே குரலை இம்முறை நிறுத்த மனம் வரவில்லை. பேச இயலாத குழந்தைகளுக்காக 1986-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட பிரிட்ஜ் பள்ளியை நிறுவியவர்களில் அவருடைய அன்றைய மனைவி பெகி யங்கும் ஒருவர். அதற்கு நிதி திரட்ட 2016 வரை நடந்த கச்சேரிகளில், மாணவர்கள் மேடையிலேயே, பாடுபவர்களுக்குப் பின்னால் அமர்ந்திருப்பார்கள்.

கேள்வி: ஸ்பாட்டிஃபையில் அவர் பாடல்கள் இப்போது உண்டா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: உண்டு. கோவிட் தடுப்பூசி பற்றித் தவறான செய்திகளைப் பரப்பும் பாட்காஸ்டுக்கு இடம் தருகிறார்கள் என்று 2022 ஜனவரியில் வெளியேறினார். அதே நிகழ்ச்சி மற்றத் தளங்களிலும் வரத் தொடங்கியதால், அங்கிருந்தெல்லாம் வெளியேற முடியாது என்று சொல்லி 2024-இல் திரும்பினார். போலியோ தடுப்பூசி வருவதற்கு 4 ஆண்டுகள் முன்பு அந்நோயில் விழுந்தவருக்கு அந்தக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ‘ஹார்வெஸ்ட்’ கேளுங்கள், யாருக்கும் பிடிக்கும். பிறகு ‘டுநைட்ஸ் தி நைட்’ கேளுங்கள். அவரோடு வாசித்த கிட்டார் கலைஞர் டேனி விட்டனும் கச்சேரிக் கருவிகளைக் கவனித்துக்கொண்ட புரூஸ் பெரியும் சில மாத இடைவெளியில் போதைக்குப் பலியானபின், 1973-இல் ஹாலிவுட்டின் ஓர் ஒத்திகைக் கூடத்தில் இரவிரவாகப் பதிவான இசை அது, வெளிவந்தது 1975-இல். அதில் ஒரு பாடலில், உச்சத்தைத் தொட முயலும்போது குரல் உடைந்தே போகிறது. மறுபடி பாடித் திருத்தியிருக்கலாம். அப்படியே விட்டுவிட்டார்.