ஹார்ட் டிஸ்க் டாக்: பட்டன் இல்லாததாக இரண்டு வாங்குங்கள்

கேள்வி: வணக்கம் சார். குடியாத்தத்தில் ஃபோட்டோ, வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, வருஷா வருஷம் கெங்கையம்மன் சிரசு திருவிழா என்று எடுத்ததெல்லாம் பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கிறது. பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறேன். யாராவது பழைய வீடியோ கேட்டால் சிபியூவைத் திறந்து ஒயர் மாட்ட வேண்டியிருக்கிறது. டாக்கிங் ஸ்டேஷன் இருந்தால் கேசட் மாதிரி சொருகி எடுக்கலாம் என்கிறார்கள். அடிக்கடி அப்படிச் செய்தால் டிஸ்க் கெட்டுவிடாதா? எது வாங்குவது?
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: தாராளமாக வாங்குங்கள் ஐயா. உங்கள் தொழிலுக்கு ரொம்ப உபயோகமான சாமான். வேலூரில் என் சர்வீஸ் கடை மேஜையில் நாள் முழுக்க ஓடுவது அதுதான்.

சொருகுவதால் டிஸ்க் கெடாது. டாக்கின் ஸ்லாட்டில் எல்லாப் பின்களும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை. கிரவுண்ட் முதலில் தொடும், கரண்ட் அப்புறம்தான். ஓடுகிற மெஷினில் மாட்டிக் கழற்றலாம் என்று திட்டமிட்டே சாட்டாவை, அதாவது டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இந்த முறையை, அமைத்திருக்கிறார்கள். சிபியூவுக்குள் மாட்டும் கேபிள் கனெக்டருக்கு 50 தடவை, இப்படி நேராகச் சொருகும் ஸ்லாட்டுக்கு 500 தடவை மாட்டிக் கழற்றுவதையாவது தாங்க வேண்டும் என்பது சாட்டா தர விதி. ஒரு டிஸ்க்கை மாதம் இரண்டு முறை வெளியே எடுத்தாலும் வருஷத்துக்கு 24தான். தேயப்போவது டாக்கின் ஸ்லாட். அது லூஸானால் டாக்கை மாற்றிக்கொள்ளலாம்.

ஆபத்து எடுக்கும்போதுதான். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. தட்டுக்கும் அதைப் படித்து எழுதும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வேகத்தில் டிஸ்க்கைப் பிடுங்கிச் சாய்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் விண்டோஸில் 'இஜெக்ட்' கொடுங்கள். அப்புறம் டாக்கின் சுவிட்சை அணையுங்கள். டிஸ்க்கின் மேல் விளிம்பில் விரல்களை வையுங்கள்; ஒரு மெல்லிய அதிர்வு தெரியும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், கடைசியில் அடங்கிவிடும். அடங்கின பிறகும் பத்து எண்ணிவிட்டு நேர் மேலாகத் தூக்குங்கள். கடைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

எது வாங்குவது என்று கேட்டீர்கள். கடைக்காரர் இரண்டு ஸ்லாட் உள்ளதைத்தான் காட்டுவார். கம்ப்யூட்டரே இல்லாமல் ஒரு டிஸ்க்கை இன்னொன்றில் அப்படியே நகல் எடுக்க அதில் க்ளோன் பட்டன் இருக்கும். அது உங்களுக்கு வேண்டாம். ஒரு ஸ்லாட் மூலம், இன்னொன்று நகல். டிஸ்க்குகளை இடம் மாற்றிச் சொருகி பட்டனை அழுத்தினால், காலி டிஸ்க்கில் இருக்கும் காலியை எடுத்து உங்கள் வீடியோ டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். ஒவ்வொரு செக்டாராக, அதாவது டிஸ்க்கின் ஒவ்வொரு சின்னக் கட்டமாக, எழுதுவதால் எழுதின இடம் வரைக்கும் மீட்கவே முடியாது. இப்படி வந்த ஒரு கல்யாண டிஸ்க்கை என் கையால் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கல்யாணத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா அதற்குள் இறந்திருந்தார், வீட்டில் அவருடைய வேறு வீடியோ இல்லை. அடுத்தவர் வீட்டு விசேஷத்தைக் காப்பாற்றி வைக்கிற இடத்தில் அந்தப் பட்டனே இருக்கக்கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. ஒரே ஸ்லாட் உள்ள சாதா டாக் இரண்டு வாங்குங்கள். இரண்டையும் கம்ப்யூட்டரில் இணைத்து ஃபோல்டரைப் பார்த்துக் காப்பி செய்யுங்கள். ஒன்று ரிப்பேரானாலும் வேலை நிற்காது.

வாங்கும்போது யுஎஸ்பி 3.0தானா என்று கேளுங்கள். பழைய 2.0வில் நொடிக்கு 35 எம்பி வந்தால் அதிகம். ஒரு டிபி காப்பி ஆக எட்டு மணி நேரம் பிடிக்கும். 3.0வில் டிஸ்க் எவ்வளவு வேகம் கொடுக்குமோ அவ்வளவும் வரும், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். கம்ப்யூட்டரிலும் நீல நாக்கு உள்ள போர்ட்டில் மாட்டுங்கள். அப்புறம் அட்டைப்பெட்டியில் எத்தனை டிபி வரை என்று போட்டிருப்பதைப் படியுங்கள். பழைய டாக்குகள் சில 2 டிபிக்கு மேல் போகாது.

நம் ஊர் விஷயம் இரண்டு. ஒன்று, வெயில். டாக்கில் நிற்கும் டிஸ்க்குக்கு ஃபேன் கிடையாது. கத்திரி நாளில் மூன்று மணி நேரம் காப்பி ஓடினால் தொட முடியாத சூடு வரும். நான் சின்ன டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். இன்னொன்று, கரண்ட் கட். கம்ப்யூட்டரை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, டாக்கின் அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். மூன்றரை இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் அந்த அடாப்டரிலிருந்துதான் போகிறது. கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், எழுதிக்கொண்டிருக்கிற டிஸ்க் மட்டும் பாதியில் அணைந்துபோகும். அடாப்டரையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

பழைய டிஸ்க்கைச் சொருகினதும் 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்று விண்டோஸ் கேட்கலாம். கேன்சல் கொடுங்கள். வேறொரு டாக்கிலோ, டிஸ்க்கைப் போட்டு மூடும் யுஎஸ்பி கேஸிலோ ஃபார்மேட் செய்த டிஸ்க்காக இருந்தால், இந்த டாக்குக்கு அதன் கணக்கு புரியாமல் காலி டிஸ்க் போலக் காட்டும். நேராக சிபியூவில் மாட்டியோ, பழைய கேஸில் போட்டோ பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே அணைத்து எடுத்துவிடுங்கள். அதைத் திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்கவே கூடாது. டேட்டா ரெக்கவரி செய்கிறவரிடம் கொடுங்கள்.

பல வருஷமாக பீரோவில் கிடந்த டிஸ்க் சுற்ற ஆரம்பித்ததும் உட்கார்ந்து படம் பார்க்காதீர்கள். முதல் வேலை காப்பி. ஒவ்வொரு சிரசும் இரண்டு டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில். டாக்கிலிருந்து எடுத்ததும் ஆன்ட்டி-ஸ்டாடிக் கவரில் போடுங்கள், தெர்மகோல் வேண்டாம். பச்சை போர்டைத் தொடாமல் இரண்டு பக்கமும் பிடியுங்கள். பெயர், வருஷம் எழுதிய ஸ்டிக்கரை கனெக்டருக்கு எதிர் விளிம்பில் ஒட்டினால் டாக்கில் நிற்கும்போதே படிக்கலாம். மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை மேல் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.

கேள்வி: என் லேப்டாப் மதர்போர்டு போய்விட்டது. டிஸ்க்கைக் கழற்றி அண்ணனின் டாக்கில் போட்டால் ப்ராஜெக்ட் ஃபைல்கள் கிடைக்குமா?
— கல்லூரி மாணவி, வாணியம்பாடி

பதில்: இரண்டரை இன்ச் சாட்டாவாக இருந்தால் பெரிய டிஸ்க்கின் ஸ்லாட்டிலேயே நிற்கும் அம்மா. புது லேப்டாப் என்றால் சூயிங்கம் பட்டை அளவில் எம்.2 எஸ்எஸ்டி இருக்கும். அதற்கு இந்த டாக் உதவாது, எம்.2வுக்கென்று கேஸ் வாங்க வேண்டும். எம்.2வில் என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு வகை உண்டு, உன்னுடையது எது என்று பார்த்து வாங்கு. டிஸ்க்கை மாட்டியதும் பூட்டுப் படம் காட்டி 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் அது பிட்லாக்கர், விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு. லேப்டாப்பில் லாகின் செய்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் வேறு கம்ப்யூட்டரிலிருந்து நுழைந்து பார். பெரும்பாலும் கீ அங்கே இருக்கும். கீ இல்லாமல் திறக்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே.

கேள்வி: 2002இல் வாங்கிய கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் அகலப் பட்டை ஒயர்தான் போகிறது. டாக்கில் நுழையவில்லையே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், போளூர்

பதில்: அது சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ வகை டிஸ்க் சார், 40 பின். அழுத்தாதீர்கள், பின் வளைந்துவிடும். ஐடிஇ–யுஎஸ்பி கன்வர்ட்டர் என்று கேட்டு, தனி பவர் அடாப்டரோடு வருவதாக வாங்குங்கள். டிஸ்க்கின் பின்னால் இருக்கும் சின்ன ஜம்பர் (பின்களின் மேல் மாட்டும் குட்டி பிளாஸ்டிக் தொப்பி) 'மாஸ்டர்' என்ற இடத்தில் இருக்க வேண்டும். எந்த இடம் என்று டிஸ்க்கின் லேபிளிலேயே படம் போட்டிருக்கும்.